கோராகு வாரத்தில் பேசச் சொன்னார்களா? முதல்முறை தோரா உரை தயாரிப்பவர்களுக்கு

யூதக் குடும்பத்தில் சம்பந்தம் வைத்தவர்கள், யூத மதத்தில் சேர வகுப்புக்குப் போகிறவர்கள், வெள்ளி இரவுச் சாப்பாட்டுக்கு அடிக்கடி அழைக்கப்படும் நண்பர்கள், இவர்களில் யாருக்கும் இது என்றாவது ஒருநாள் வரும். "இந்த வாரப் பராஷாவைப் பற்றி நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் பேசுங்களேன்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். மரியாதையாகத்தான் கேட்கிறார்கள், மறுப்பதும் கஷ்டம். எனக்கு இது கோராகு வாரத்தில் வந்தது. கலகம், தலைமை, கட்டளைகள் என்று மூன்றும் ஒரே பகுதியில் கிடக்கும் வாரம் அது. தேவையான தகவல் எல்லாமே எங்கெங்கோ இருக்கிறது, ஆனால் பாதி ஹீப்ருவில், மீதி ஏற்கெனவே தெரிந்தவர்களுக்காக எழுதியது. அதனால் ஒரே இடத்தில், நம் மொழியில், வரிசையாகப் போட்டு வைக்கிறேன்.

தோரா என்பது மோசேயின் ஐந்து நூல்கள், பராஷா என்றால் அதில் ஒரு வாரப் பங்கு. மொத்தம் 54 பங்குகள். சிம்ஹத் தோரா பண்டிகையோடு ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும். மோசேயின் தலைமைக்கு எதிராகக் கலகம் செய்தவன் கோராகு, அவன் பெயரில் உள்ள பகுதி எண்ணாகமம் 16 முதல் 18 வரை, ஹீப்ருக் கணக்கில் 95 வசனங்கள்.

1. முதலில் தேதியை உறுதி செய்யுங்கள்

இதை யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு இது தெரிந்த விஷயம். சில வருடங்களில் இஸ்ரேலில் படிக்கும் பகுதியும் வெளிநாடுகளில் படிக்கும் பகுதியும் ஒரு வாரம் தள்ளிப் போகும். 2026 அப்படிப்பட்ட வருடம். ஷாவுவோத் பண்டிகை வெள்ளிக்கிழமை வருகிறது. இஸ்ரேலில் அது ஒரு நாள், வெளியே இரண்டு நாள், ஆகவே வெளிநாட்டில் சனிக்கிழமையும் பண்டிகை வாசிப்புக்குப் போய்விடுகிறது. விளைவு, கோராகு இஸ்ரேலில் ஜூன் 13, லண்டனிலோ நியூயார்க்கிலோ ஜூன் 20. இணையத்தில் தேடி முதலில் வரும் தேதியை நம்பிவிட்டால் ஒரு வாரம் முன்னாடியே வேறு பகுதிக்குத் தயாராகி நிற்பீர்கள். ஹெப்கால் என்ற இலவச நாள்காட்டித் தளத்தில் "இஸ்ரேல்" அல்லது "வெளிநாடு" என்று தேர்வு செய்யும் இடம் உண்டு, அதைப் பார்த்துவிட்டு அப்புறம் மற்றதைப் பாருங்கள். சீர்திருத்தப் பிரிவின் சில ஜெப ஆலயங்கள் வெளிநாட்டில் இருந்தாலும் பண்டிகையை ஒரே நாள்தான் கொண்டாடுகின்றன, அவர்கள் இஸ்ரேல் கணக்கிலேயே போகக்கூடும். சந்தேகம் என்றால் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல்.

இன்னொன்று, அந்தச் சனிக்கிழமை அமாவாசை ஒட்டிய மாதத் தொடக்க நாளாக வந்தால் தோராவுக்குப் பின் படிக்கும் தீர்க்கதரிசிகள் வாசிப்பு (ஹஃப்தாரா) மாறிவிடும். 2017இல் ஜூன் 24 அப்படி வந்தது. 2026இல் அந்தப் பிரச்சினை இல்லை.

2. புத்தகமும் செலவும்

செலவே இல்லாமல் முடிக்கலாம். ஸெஃபாரியா தளத்தில் ஹீப்ரு மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் முக்கியமான உரைகளும் இலவசமாக இருக்கின்றன, வசனத்தைத் தட்டினால் பக்கத்திலேயே ராஷி, ரம்பான் என்ற இடைக்கால உரையாசிரியர்கள், ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூத் ஆகியவற்றின் இணைப்புகள் விரியும். ஹூமாஷ் என்ற அச்சுப் பிரதி, அதாவது ஐந்து நூல்களும் உரையோடு ஒரே கட்டில் இருப்பது, புதிதாக வாங்கினால் சில ஆயிரம் ரூபாய் ஆகும். முதல் உரைக்காக அதை வாங்காதீர்கள். ஜெப ஆலய அலமாரியில் வரிசையாக இருக்கும், கேட்டால் வார நாளில் உட்கார்ந்து படிக்க விடுவார்கள். எந்த ஹூமாஷ் என்பதிலும் ஒரு அரசியல் இருக்கிறது, யூதப் பிரிவுகளில் ஆர்த்தடாக்ஸ்காரர்களுக்கு ஒன்று, கன்சர்வேடிவ்காரர்களுக்கு ஒன்று, சீர்திருத்தக்காரர்களுக்கு ஒன்று. நீங்கள் பேசப்போகும் இடத்தில் மக்கள் கையில் எது இருக்கிறதோ அதையே பார்த்துத் தயாரிப்பது நல்லது, பக்க எண் சொல்ல வசதியாக இருக்கும்.

வீட்டில் தமிழ் வேதாகமம் இருந்தால் கதையைப் பிடிக்க அது தாராளமாகப் போதும். ஆனால் இரண்டு எச்சரிக்கை. "பழைய ஏற்பாடு" என்று மேடையில் சொல்லாதீர்கள், தோரா அல்லது தனாக் (யூத வேதம் முழுவதற்கும் பெயர்) என்றே சொல்லுங்கள். "யெகோவா" என்று உச்சரிக்கவே கூடாது. நம் ஊர்ப் பழக்கத்தில் சாதாரணமாக வந்துவிடும், அங்கே அறையே உறைந்துவிடும். "ஹாஷெம்" என்றோ வெறுமனே கடவுள் என்றோ சொன்னால் போதும்.

3. வசன எண்: கட்டாயம் படிக்க வேண்டிய பத்தி

ஹீப்ருப் பிரதியில் 16ஆம் அதிகாரம் 35 வசனத்தோடு முடிகிறது. பழைய தமிழ் வேதாகமத்தில் அது 50 வசனம். அந்தக் கூடுதல் 15 வசனமும் ஹீப்ருவில் 17ஆம் அதிகாரத்தின் தொடக்கமாக இருக்கிறது. ஆக ஹீப்ரு 17:1 என்றால் தமிழில் 16:36. ஹீப்ரு 17:16 என்றால் தமிழில் 17:1. மனதில் வைக்க: ஹீப்ரு 17இல் வசனம் 15 வரை 35ஐக் கூட்டி 16ஆம் அதிகாரத்தில் தேடுங்கள், 16 முதல் 15ஐக் கழித்து 17லேயே தேடுங்கள். 18ஆம் அதிகாரம் இரண்டிலும் ஒன்றுதான். இது தெரியாமல் "17:5 இல் ராஷி சொல்கிறார்" என்ற குறிப்பைத் தமிழில் திறந்தால் பூத்த கோல்தான் நிற்கும், ராஷி பேசுவதோ தூபகலசங்களைப் பற்றி. கீழே நான் தரும் எண்கள் ஹீப்ருக் கணக்கு.

4. உரைகளைத் தொடாமல் ஒருமுறை முழுதாகப் படியுங்கள்

வாரத்தின் முதல் இரண்டு நாள் இதற்கு. வாசிப்பு ஏழு பிரிவாகப் போகும்: 16:1–13, 16:14–19, 16:20–17:8, 17:9–15, 17:16–24, 17:25–18:20, 18:21–32. நாளுக்கு ஒன்று என்று படிப்பவர்கள் உண்டு, பேசப்போகிறவருக்கு அது சரிவராது, மொத்தமாகப் படித்தால்தான் ஓட்டம் தெரியும்.

படிக்கும்போது ஒரு தாளில் யார் யாரிடம் என்ன புகார் சொல்கிறார்கள் என்று தனித்தனியாக எழுதுங்கள். இதைச் செய்யாதவர்கள் எல்லாரையும் ஒரே கூட்டமாகப் பார்த்துவிடுவார்கள். உண்மையில் குறைந்தது மூன்று தரப்பு இருக்கிறது. கோராகு லேவியன், ஏற்கெனவே வழிபாட்டுக் கூடாரப் பணியில் இருப்பவன், மோசேக்கும் அவர் அண்ணன் தலைமை ஆசாரியர் ஆரோனுக்கும் நெருங்கிய உறவு. மோசே அவனுக்குச் சொல்லும் பதிலே "இது போதாதென்று ஆசாரியத்துவமும் வேண்டுமா" என்பதுதான் (16:10). தாத்தான், அபிராம் ரூபன் கோத்திரம், யாக்கோபின் மூத்த மகனின் வம்சம். அவர்களுக்கு ஆசாரியத்துவம் பற்றிக் கவலையே இல்லை, "பாலும் தேனும் ஓடும் நாட்டிலிருந்து எங்களைக் கொண்டுவந்து வனாந்தரத்தில் சாகடிக்கிறாய்" என்கிறார்கள், எகிப்தைத்தான் பாலும் தேனும் ஓடும் நாடு என்கிறார்கள் (16:13)! வா என்று மோசே கூப்பிட்டால் வரமாட்டோம் என்கிறார்கள். மூன்றாவது, 250 தலைவர்கள். சபையில் பேர் பெற்றவர்கள். இவர்களுக்கு என்ன குறை என்று வசனம் தனியாகச் சொல்வதில்லை.

அப்புறம் கோராகின் வாதத்தை நியாயமாக எழுதுங்கள். "சபையார் எல்லாரும் பரிசுத்தர், கடவுள் அவர்கள் நடுவில் இருக்கிறார், நீங்கள் ஏன் உங்களை உயர்த்திக்கொள்கிறீர்கள்?" (16:3). இன்று படிக்கும் யாருக்கும், குறிப்பாகச் சாதி பற்றிய பேச்சிலேயே வளர்ந்த நமக்கு, இது சரியான கேள்வியாகத்தான் படும். படட்டும். அதை அவசரமாகக் கெட்ட வார்த்தையாக்காதீர்கள். நல்ல உரைகள் எல்லாம் "வாதம் சரியாகத் தெரிகிறதே, பிறகு எங்கே பிசகு" என்ற இடத்தில்தான் தொடங்குகின்றன. முந்தைய பராஷா முடிவதே ஆடை ஓரத்தில் நீல நூல் சேர்த்த தொங்கல் கட்டச் சொல்லும் கட்டளையோடு. அதைப் பார்த்துக் கட்டளைகளை நினைத்து, பரிசுத்தராய் "இருப்பீர்களாக" என்று அங்கே வருகிறது (15:40). அங்கே பரிசுத்தம் இனி செய்ய வேண்டிய வேலை. கோராகு வாயில் அது ஏற்கெனவே கையில் உள்ள சொத்து. இருபதாம் நூற்றாண்டு இஸ்ரேலியச் சிந்தனையாளர் யெஷயாஹு லைபோவிட்ஸ் இந்த வேறுபாட்டை மிகக் கடுமையாக வலியுறுத்தியவர். என் மனதில் நின்றதும் அதுதான், ஆனால் இது ஒன்றே விடை என்று மேடையில் அடித்துச் சொல்ல வேண்டாம்.

5. உரையாசிரியர்கள்: எது வசனம், எது மித்ராஷ் என்று கோடு போடுங்கள்

இதுதான் பெரிய பொறி. கோராகு முழுக்க நீல நூலில் நெய்த ஆடையைக் காட்டி "இதற்கும் தொங்கல் வேண்டுமா?" என்று மோசேயைக் கேலி செய்தான், தோராச் சுருள்கள் நிறைந்த வீட்டைக் காட்டி "இதற்கும் கதவில் மெஸூஸா (நிலையில் பொருத்தும் தோரா வசனச் சுருள்) வேண்டுமா?" என்று கேட்டான் என்ற கதையை எல்லா இடத்திலும் பார்ப்பீர்கள். அழகான கதை, உள்ளேயும் ஆழம் இருக்கிறது. ஆனால் வசனத்தில் ஒரு எழுத்துகூட இல்லை, அது மித்ராஷ், அதாவது பழைய ரபிகள் வசனத்தை விரித்துச் சொன்ன விளக்கக் கதை. ஆடை பற்றிய பகுதியை ராஷி 16:1இல் எடுத்துப் போடுகிறார். "தோராவில் கோராகு கேட்டான்" என்று நீங்கள் ஆரம்பித்தால் முதல் வரிசையில் இருக்கும் தாத்தா ஒருவர் கையைத் தூக்குவார். "மித்ராஷ் சொல்கிறது" என்று சேர்த்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

நேரம் குறைவாக இருந்தால் கீழே உள்ளவை மட்டும் போதும்.

ராஷி: கோராகின் கோபத்துக்குத் தனிப்பட்ட காரணம் தேடுகிறார். லேவியரில் தன் கிளையான கோகாத் வம்சத்துக்குத் தலைவனாக எலிசாப்பானை வைத்துவிட்டார்கள், தன்னை விட்டுவிட்டார்கள் என்ற பொறாமை. ரூபன் கோத்திரம் ஏன் சேர்ந்தது என்பதற்கும் அவரிடம் விடை இருக்கிறது, பாளயத்தில் இரண்டு பேருமே தெற்குப் பக்கம், பக்கத்துக் கூடாரம்.

இப்ன் எஸ்ராவும் (இன்னொரு இடைக்கால உரையாசிரியர்) ரம்பானும்: இது எப்போது நடந்தது என்பதில் சண்டை. தலைப்பிள்ளைகளுக்குப் பதிலாக லேவியரை நியமித்தபோதே நடந்தது, வரிசை மாற்றி எழுதப்பட்டிருக்கிறது என்கிறார் இப்ன் எஸ்ரா. ரம்பானோ வரிசைப்படியே என்கிறார்: கானானை வேவு பார்க்கப் போன உளவாளிகள் ஜனங்களைப் பயமுறுத்திய விவகாரத்துக்குப் பிறகு அந்தத் தலைமுறையே வனாந்தரத்தில் சாகும் என்று தீர்ப்பு வந்துவிட்டது, ஜனங்கள் கசந்து போயிருந்தார்கள், கோராகு அந்த நேரம் பார்த்துக் காத்திருந்தான். தலைமையைப் பற்றிப் பேசுவதென்றால் ரம்பானை எடுங்கள், ஐந்து நிமிடத்துக்கு அவர் ஒருவரே போதும். முன்பே இருந்த பொறாமைக்கு ஜனங்களின் ஏமாற்றம் கிடைத்தபோதுதான் அது கலகமாகிறது.

பிர்கேய் அவோத் (பழைய ரபிகளின் நீதிமொழித் தொகுப்பு) 5ஆம் அதிகாரம்: வானத்துக்காக, அதாவது கடவுளுக்காக நடக்கும் விவாதம் ஹில்லேல், ஷம்மாய் என்ற இரண்டு ஆசான்கள் செய்தது, அப்படி அல்லாதது கோராகும் அவன் கூட்டமும். கவனியுங்கள், "கோராகும் மோசேயும்" என்று சொல்லவில்லை. இந்த நூலைக் கோடைக்காலச் சனிக்கிழமை மதியங்களில் படிப்பது பல இடங்களில் வழக்கம், ஆகவே கேட்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும், நீளமாக விளக்க வேண்டாம்.

தல்மூத், சன்ஹெத்ரின் 109ஆ–110அ: முதல் வசனத்தில் பெயர் வந்து அப்புறம் காணாமல் போகும் ஓன் என்பவனுக்கு என்ன ஆயிற்று என்ற கதை. யார் ஜெயித்தாலும் உனக்கு என்ன லாபம், நீ தொண்டன்தானே என்று மனைவி கேட்கிறாள், மதுவைக் குடிக்க வைத்துத் தூங்கப் பண்ணி, தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுகிறாள். மணமான பெண்ணின் மூடாத தலைமுடியைப் பார்ப்பது தகாது என்பதால் அழைக்க வந்தவர்கள் திரும்பிப் போகிறார்கள். சாப்பாட்டு மேசையில் பேசுவதென்றால் இதைவிட நல்லது கிடையாது.

6. 18ஆம் அதிகாரத்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

பூமி பிளந்தது, நெருப்பு வந்தது, 14,700 பேர் கொள்ளைநோயில் செத்தார்கள், ஆரோனின் கோல் பூத்து வாதுமை காய்த்தது, கதை முடிந்தது என்று நிறுத்துகிறவர்களே அதிகம். 17ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனத்தைப் பாருங்கள். ஜனங்கள் சமாதானமாகவில்லை, பயந்து போயிருக்கிறார்கள்: "செத்தோம், கிட்டே போகிறவன் எல்லாம் சாகிறானே, நாங்கள் எல்லாரும் சாக வேண்டியதுதானா?" அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் 18ஆம் அதிகாரமே வருகிறது. பரிசுத்த இடத்தில் தப்பு நடந்தால் அந்தப் பழியைச் சுமக்க வேண்டியவர்கள் ஆரோனும் அவன் மகன்களும் (18:1). காவல் அவர்கள் வேலை. அவர்களுக்குப் பங்குகள் உண்டு, ஆனால் நிலம் கிடையாது (18:20). லேவியருக்குத் தசமபாகம், ஆனால் வாங்கிய தசமபாகத்தில் அவர்களும் பத்தில் ஒன்று கொடுத்தாக வேண்டும் (18:26). கோராகு கேட்ட பதவியின் ஒப்பந்தப் பத்திரம் மாதிரி இருக்கிறது இது. தோராவின் 613 கட்டளைகளைப் பராஷா வாரியாக அடுக்கும் ஸேஃபர் ஹஹினுக் என்ற இடைக்கால நூலின் கணக்குப்படி இந்தப் பராஷாவில் 9 கட்டளைகள், செய் என்பவை 5, செய்யாதே என்பவை 4. எல்லாமே இந்த அதிகாரத்திலிருந்துதான். ஆக கட்டளைகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தால் நீங்கள் வேலை செய்ய வேண்டிய இடம் இதுதான்.

இதில் ஒன்றை நீங்கள் நேரிலேயே பார்க்க வாய்ப்பு உண்டு. தலைமகனை மீட்பது (18:15–16), பித்யோன் ஹபென். தாய்க்கு முதல் பிள்ளை, ஆண், சுகப்பிரசவம், பெற்றோர் பக்கம் ஆசாரியர் அல்லது லேவியர் வம்சம் இல்லை என்றால் மட்டும். 31ஆம் நாள் ஆசாரிய வம்சத்தவர் ஒருவருக்கு ஐந்து வெள்ளி நாணயம் கொடுத்து மீட்பார்கள், மொத்தம் சுமார் 100 கிராம் வெள்ளி. சனிக்கிழமையிலும் பண்டிகையிலும் செய்ய மாட்டார்கள். நிபந்தனை இத்தனை இருப்பதால் அடிக்கடி நடக்காது, அழைப்பு வந்தால் விடாதீர்கள்.

7. ஹஃப்தாரா

1 சாமுவேல் 11:14–12:22. ராஜா வேண்டும் என்று கேட்ட ஜனங்களிடம் சாமுவேல் "நான் யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன்" என்று கணக்குக் கேட்கிறார். மோசேயும் 16:15இல் "ஒருவனுடைய கழுதையைக்கூட நான் எடுக்கவில்லை" என்கிறார், இணைப்பு அதுதான். ஆனால் இதைவிடச் சுவையான விஷயம், 1 நாளாகமம் 6ஆம் அதிகாரத்தின்படி சாமுவேல் கோராகின் வம்சம். கோராகின் பிள்ளைகள் சாகவில்லை என்று எண்ணாகமம் 26:11 சொல்கிறது. சங்கீதங்களில் கோராகின் புத்திரர் பெயரில் ஒரு வரிசையே இருக்கிறது. திங்கட்கிழமைக் காலைத் தொழுகையில் சொல்லும் 48ஆம் சங்கீதம் அவர்களுடையது, யூதப் புத்தாண்டில் கொம்பு ஊதுமுன் ஏழு தடவை சொல்லும் 47உம் அப்படியே. உரைக்கு முடிவு கிடைக்காமல் தவிக்கிறவர்களுக்கு இது கைகொடுக்கும்.

8. எழுதும்போது

ஐந்து முதல் எட்டு நிமிடம், அதற்கு மேல் போகாதீர்கள், பசியோடு இருப்பார்கள். ஒரு கேள்வி, ஒரு வசனம், அதிகம் போனால் இரண்டு உரையாசிரியர்கள். தவிர்க்க வேண்டியவை:

கோராகை இன்றைய அரசியல்வாதி யாரோடும் ஒப்பிடாதீர்கள். அறையில் பாதிப் பேர் அவருக்கு ஓட்டுப் போட்டிருப்பார்கள். அதைவிட ஆபத்து ஜெப ஆலய நிர்வாகக் குழுவை நினைவுபடுத்தும் எதையும் சொல்வது. ஏற்கெனவே அங்கே ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கும், உங்களுக்குத்தான் தெரியாது.

புதிய ஏற்பாட்டில் யூதா நிருபம் கோராகைக் குறிப்பிடுகிறது. அங்கே அதை எடுக்க வேண்டாம்.

கோராகு எப்படிச் செத்தான் என்று உறுதியாகச் சொல்லாதீர்கள். 16ஆம் அதிகாரத்தில் தெளிவில்லை, 26:10 பூமி விழுங்கியது என்பதுபோல் படிக்கலாம், தல்மூத்திலேயே ஒருமித்த கருத்து இல்லை.

9. வெள்ளிக்கிழமை சூரியன் மறையுமுன்

முதல்முறை போகும் ஜெப ஆலயம் என்றால் செவ்வாய் அல்லது புதனுக்குள் அலுவலகத்துக்கு எழுதி உங்கள் பெயரைச் சொல்லிவிடுங்கள். பல இடங்களில் முன்பதிவு இல்லாமல் பாதுகாவலர் உள்ளே விடமாட்டார், புகைப்படம் உள்ள அடையாள அட்டை கேட்பார். பாஸ்போர்ட்டோ உள்ளூர் அட்டையோ எடுத்துப் போங்கள், பெரிய பை வேண்டாம். உங்களை அழைத்தவர் பெயரும் தெரிந்திருக்கட்டும், "யார் அழைத்தார்கள்" என்பது வாசலில் வரும் முதல் கேள்வி. வழக்கமான சனிக்கிழமைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, டிக்கெட் விவகாரம் எல்லாம் யூதப் புத்தாண்டு, யோம் கிப்பூர் என்ற நோன்பு நாள் சமயத்தில்தான்.

உரையை வெள்ளி மதியத்துக்குள் காகிதத்தில் அச்செடுத்து வையுங்கள். ஆர்த்தடாக்ஸ் இடத்தில் ஷப்பாத் என்ற ஓய்வுநாளில் (வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை) கைப்பேசியைப் பார்த்துப் பேச முடியாது, அங்கே உட்கார்ந்து பேனாவால் திருத்தவும் கூடாது. பெரிய எழுத்தில், இரண்டு பிரதி. ஹீப்ருவில் கடவுளின் பெயர் உள்ள வசனத்தை அச்செடுத்தால் அந்தத் தாளைக் குப்பையில் போடக் கூடாது, கெனிஸா பெட்டி என்று ஒன்று இருக்கும், அதில் போட வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் மொழிபெயர்ப்பை மட்டும் அச்செடுங்கள்.

வீட்டில் சமைத்த எதையும் கொண்டுபோகாதீர்கள். எவ்வளவு சுத்த சைவமாக இருந்தாலும் நம் வீட்டுப் பாத்திரத்தில் செய்தது அவர்களுக்கு கோஷெர் (யூத உணவு விதிப்படி சாப்பிடத்தக்கது) ஆகாது. பூ கொடுப்பதென்றால் வெள்ளி மாலைக்குள் சேர்த்துவிடுங்கள். இது கோடையில் வரும் பராஷா என்பதையும் மறக்க வேண்டாம், லண்டன் போன்ற ஊரில் ஷப்பாத் முடியும்போது இரவு பத்து மணி தாண்டியிருக்கும். சனி மாலை வேறு வேலை வைத்துக்கொண்டால் அவர்கள் யாரும் உங்களைக் காரில் கொண்டுபோய் விட முடியாது.

10. சனிக்கிழமை

காலை ஒன்பது மணியளவில் தொடங்கும் இடங்கள் அதிகம், ஆனால் தோரா வாசிப்பு வர நேரமாகும், உங்கள் முறை எப்போது என்று கபாயிடம் (வழிபாட்டை ஒழுங்குபடுத்துபவர்) கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்குத் தலையில் கிப்பா என்ற சிறு குல்லா, வாசலில் பெட்டியில் இருக்கும். யூதர் அல்லாதவர் தல்லித் என்ற தொழுகைச் சால்வையைப் போர்த்த வேண்டியதில்லை, யாராவது அன்போடு நீட்டினாலும் மறுக்கலாம். பேசி முடித்ததும் கைதட்ட மாட்டார்கள், பாராட்டாக "யஷர் கோஅஹ்" என்பார்கள், "பாரூஹ் திஹியே" என்று பதில் சொன்னால் போதும். தொழுகைக்குப் பின் மதுவும் சிற்றுண்டியும் தரும் கிட்டுஷ் நேரத்தில் யாராவது வந்து ராஷியைத் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்று வாதிடுவார், பயப்படாதீர்கள், நீங்கள் சொன்னதைக் கேட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

நன்றாகப் பேசிவிட்டால் அடுத்த வாரமும் கேட்பார்கள். 2026இல் வெளிநாட்டில் அடுத்த வாரம் ஹுக்கத்தும் பாலாக்கும் சேர்ந்த இரட்டைப் பகுதி, கோராகைவிட மிக நீளம், சரி என்று சொல்வதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமையே படிக்கத் தொடங்கிவிடுங்கள்.